குழந்தைக்கு மலை காட்டுதல்

மும்பையில் வாழும் நம் குடும்பங்கள் அறிந்த இரயில் வண்டிகள் இரண்டே வகையின. ஒன்று, காலையில் தந்தையை விழுங்கி இரவில் உமிழும் புறநகர் வண்டி. மற்றொன்று, ஆண்டுக்கு ஒருமுறையோ ஈராண்டுக்கு ஒருமுறையோ மூட்டை முடிச்சுகளோடு நம்மை ஊரில் கொண்டு சேர்க்கும் நெடுந்தொலை வண்டி. முன்னது வயிற்றுக்காக, பின்னது உறவுக்காக. எங்கும் போய்ச் சேர வேண்டிய தேவையில்லாமல், போகும் வழியைப் பார்ப்பதற்கென்றே ஏறுகின்ற வண்டி ஒன்றும் உலகில் உண்டு என்பதை நம்முள் பலர் நடுவயதில்தான் அறிகிறோம். அதையும் நாமாக அறிவதில்லை. பள்ளியில் உடன் படிக்கும் பிள்ளைகள் போய் வந்த கதையைக் கேட்டுவிட்டு வந்து நம் குழந்தைகள் நச்சரிப்பதால் அறிகிறோம்.

மலை என்பதோ பாண்டுப்பில் வளரும் குழந்தைக்குப் புதியதன்று. நிலையத்தின் மேற்கே சற்று நடந்தால் மலைச்சரிவு தொடங்கிவிடுகிறது. உச்சியில் தேசியப் பூங்காவின் காடு. அதன் அடிவரை ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிச் செல்லும் குடியிருப்புகள். குடத்தைச் சுமந்து அச்சரிவில் ஏறுவோர்க்கு மலை ஒரு காட்சியாகத் தோன்றுவதில்லை, படிக்கட்டாகவே தோன்றுகிறது. ஆனியும் ஆடியும் வந்து மழை கொட்டத் தொடங்கினால், எந்தச் சுவர் சரியுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் வீடுகளும் அங்கே உள. அத்தகைய மலையின் நிழலில் வாழும் குழந்தையை வண்டியேற்றி அழைத்துச் சென்று, வேறொரு மலையைச் சுட்டி, "எவ்வளவு அழகு பார்!" என்று சொல்கிறோமே, அப்போது நாம் உண்மையில் செய்வது யாது? எதைக் காட்டுகிறோம்? எதைக் காட்டாமல் விடுகிறோம்? சில ஆண்டுகளாக என்னை விட்டு நீங்காத வினா இது.

முதலில் ஒரு மறுப்பைக் கேட்டுவிட வேண்டும். "வேலையற்ற வேலை. அந்தப் பணத்துக்கு இரண்டு பாடப்புத்தகம் வாங்கலாம்" என்பார்கள் நம் பெரியவர்கள். அவர்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஒரு ரூபாயை இரண்டாக மடித்து முடிந்து வைத்துத்தான் அவர்கள் நம்மை ஆளாக்கினார்கள். ஆனால் இம்மறுப்பு வறியோர் வாயிலிருந்து மட்டும் எழுந்ததன்று. மலையும் ஏரியும் தமக்கே உரியவை என்று எண்ணிய கற்றோர் வாயிலிருந்தும் அது எழுந்திருக்கிறது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏரி நாட்டுக்கு இருப்புப்பாதை அமைக்கத் திட்டமிட்டபோது, இயற்கையைப் பாடிப் புகழ்பெற்ற வேர்ட்ஸ்வொர்த் அதனைக் கடுமையாக எதிர்த்துச் செய்தித்தாளுக்கு மடல்கள் எழுதினார். மலையழகைச் சுவைக்கும் உணர்வு சிறிது சிறிதாகப் பழகிப் பெறுவது. ஆலைத் தொழிலாளரைக் கூட்டம் கூட்டமாக ஒருநாள் விடுமுறைக்குக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கும் பயனில்லை, மலைக்கும் நன்மையில்லை என்பது அவர் வாதம். அதே ஏரி நாட்டுக்கு வழிகாட்டி நூல் எழுதி ஊரையெல்லாம் அழைத்தவரும் அவரே என்பது வேடிக்கை. 1847இல் பாதை திறக்கப்பட்டது, தொழிலாளரும் வந்தனர். மலைக்கு நேரும் தீங்கைப் பற்றி அவர் கூறியதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை இன்று எந்த மலைவாழிடத்தின் குப்பையைப் பார்த்தாலும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் எழிலைச் சுவைக்கும் கண் இன்னார்க்கு உண்டு, இன்னார்க்கு இல்லை என்று அவர் பிரித்ததை என்னால் ஏற்க இயலவில்லை. பழகித்தான் பெற வேண்டுமென்றால், பழகுவதற்கு ஒரு முதல் நாள் வேண்டுமன்றோ?

நமக்கு அந்த முதல் நாளை எளிதாக்கியவர் ஒருவர் உண்டு. கிழக்கே கர்ஜத் செல்லும் புறநகர் வண்டியில் போனால் வாங்கணி, ஷேலு என்னும் நிலையங்களை அடுத்து வருவது நேரல். அங்கிருந்து மாதேரான் மலைக்கு 2 அடி அகலமே உள்ள சிறு பாதையொன்று ஏறுகிறது. மாதேரான் என்பது தலைமேல் உள்ள காடு என்று பொருள்படும் மராத்திப் பெயர். 1850ஆம் ஆண்டில் தாணே ஆட்சியராய் இருந்த மாலெட் என்பார் அம்மலையில் ஏறிக் கண்டபின் அது வெள்ளையரின் கோடை வாழிடமாயிற்று. குதிரை வைத்திருந்தோரும், பல்லக்குச் சுமக்க ஆள் வைக்கக் கூடியோருமே ஏறி வந்தனர். பிறர் கால்நடையாய் ஏறினர். இந்நிலையை மாற்றியவர் அப்துல் உசேன் ஆதம்ஜி பீர்பாய். பணம் தந்தவர், சிறு வயதில் தெரு வணிகராய் வாழ்வைத் தொடங்கிப் பெருஞ்செல்வரான அவர் தந்தையார் சர் ஆதம்ஜி பீர்பாய். 1904இல் தொடங்கிய வேலை 1907இல் நிறைவேறியது. அரசாங்கத்தின் பெருந்திட்டமாக அன்றி, ஒரு குடும்பத்தின் முயற்சியால் எழுந்த மலைப்பாதை அது.

2013ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் அவ்வண்டியில் என் குழந்தைகளை அழைத்துச் சென்றேன். மகனுக்கு அப்போது ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. என் மனைவியும், எழுபதைத் தாண்டிய என் தாயாரும் உடன் வந்தனர். மலைமேல் ஷார்லட் ஏரிக்கரையில் பிசர்நாத் என்னும் சிவன் கோயில் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் தாயார் புறப்பட்டுவிட்டார். விடியுமுன் பாண்டுப்பில் ஏறித் தாணேயில் மாறி நேரல் சென்று, நீண்ட வரிசையில் நின்று சீட்டுப் பெற்றோம்.

நேரலிலிருந்து மாதேரான் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு அவ்வண்டி எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு மணிக்கும் கூடுதல். வாடகைக் காரில் சென்றால் மலையின் நுழைவாயில் வரை அரைமணி கூட ஆகாது. 700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை வளைந்து வளைந்து, தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு ஏறுகிறது அச்சிறு வண்டி. ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் என்று இடையில் நிலையங்கள். தண்ணீர்க் குழாயின் பெயரில் ஒரு நிலையமா என்று என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். வழியில் ஒரே ஒரு சிறிய குகைவழி. வெள்ளையர் அதற்குச் சூட்டிய குறும்புப் பெயரொன்று உண்டு. அதன் பொருளை ஒன்பது வயதுச் சிறுவனுக்கு விளக்கும் கடமையிலிருந்து நான் மெல்ல நழுவினேன்.

வண்டி ஏறத் தொடங்கியதும் நான் என் கடமையை ஆற்றத் தொடங்கினேன். "அதோ பார் பள்ளத்தாக்கு! இதோ பார் குரங்கு! அந்த மலைமுடியைப் பார்!" என்று விரலை நீட்டிக்கொண்டே வந்தேன். செலவழித்த பணத்துக்கு ஈடாக அழகை அளந்து கொடுத்துவிட வேண்டும் என்னும் தவிப்பு. பெற்றோர் பலரும் அவ்வண்டியில் இதையே செய்துகொண்டிருந்தனர். என் மகள் மட்டும் என் விரல் சென்ற திசையில் ஒருமுறையும் பார்க்கவில்லை. எங்கே பார்க்கிறாள் என்று உற்று நோக்கினேன். அந்நாளில் அவ்வண்டியின் பெட்டிகளுக்கிடையே ஊழியர் நின்று கைத்தடைச் சக்கரத்தைச் சுழற்றுவர். இறக்கத்திலும் வளைவிலும் வண்டி ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவது அவர்கள் கைகளே. என் மகள் பார்த்துக்கொண்டிருந்தது அத்தகைய ஓர் ஊழியரின் கையை. அவர் சக்கரத்தை இறுக்கும்போது அவள் விரல்களும் மடிந்தன. தளர்த்தும்போது அவையும் விரிந்தன.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு தொலைவு அழைத்து வந்து, இவ்வளவு பெரிய மலை முன்னே நிற்க, இந்தப் பெண் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று. பின்னர் எண்ணிப் பார்த்தேன். அந்த வண்டியில் அப்பொழுது நம் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தது எதுவோ, அதைக் கண்டுகொண்டவள் அவள் ஒருத்திதான். பள்ளத்தாக்கின் அழகை நாம் அச்சமின்றிச் சுவைக்க முடிந்தது அந்தக் கையால். சுட்டிக்காட்டும் விரல் ஒன்றைக் காட்டும்போது, மற்றனைத்தையும் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறது. இதை நான் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை.

இவ்விடத்தில் நாம் அனைவரும் கடந்துபோகும் வேறொரு மலைவழியை நினைவூட்டுவது பொருந்தும். மாதேரானுக்கு ஒருமுறையும் போகாத தமிழ்க் குடும்பம் மும்பையில் இருக்கலாம். போர் கணவாயைக் கடக்காத குடும்பம் இராது. கர்ஜத்திலிருந்து லோணாவளா வரை ஏறும் அப்பாதையைக் கடந்தே பூனா வழியாகத் தமிழகம் செல்லும் வண்டிகள் போகின்றன. கர்ஜத்தில் வண்டி நிற்கும். வடை விற்போர் குரல் கேட்கும். பின்புறம் துணை எஞ்சின்கள் வந்து முட்டும். அந்த அதிர்வில், மேல்தட்டில் உறங்கும் குழந்தை ஒருமுறை புரண்டு படுக்கும். முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னிருந்து இவை தள்ள, வண்டி மலையேறும். நாம் போகும் வண்டிகள் பல இரவிலேயே அக்கணவாயைக் கடப்பதால், இந்தியாவின் மிக எழிலான மலைவழிகளுள் ஒன்றை நம் குழந்தைகள் உறக்கத்திலேயே பலமுறை கடந்திருக்கிறார்கள்.

அப்பாதை 1863இல் திறக்கப்பட்டது. 25 குகைவழிகள், 37 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். 1861ஆம் ஆண்டளவில் 40,000க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். காலராவும் காய்ச்சலும் வெடிவிபத்தும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போயின. 1859இல் அவ்வேலையின் ஒப்பந்தக்காரராய் வந்த சாலமன் டிரெட்வெல் வந்த சில வாரங்களிலேயே நோயுற்று இறந்தார்; அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைக் கைவிடாமல் நடத்தி முடிக்கச் செய்தார். அவர் பெயர் நூல்களில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். பாறையைக் குடைந்து மாண்டவர்களின் பெயர்கள் நிற்கவில்லை.

நம் நீலகிரிப் பாதையிலும் இதே கதைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் வண்டி சென்றது. 46 கிலோமீட்டரில் 16 குகைவழிகளும் 250 பாலங்களும். பல்சக்கரம் பற்றி ஏறும் அப்பாதையை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. பொறியியலின் வியப்பு என்று அதைப் புகழாதார் இல்லை. புகழத்தக்கதே. அந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லும் நாம், பாறை உடைத்தவர் கூலி எவ்வளவு என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

இதையெல்லாம் குழந்தையிடம் சொல்ல வேண்டுமா? குகைவழிகளை விரல்விட்டு எண்ணிக் கூவும் சிறுவனிடம், "இங்கே இத்தனை பேர் மாண்டனர்" என்று சொன்னால் அவன் மகிழ்ச்சி என்னாகும்? சொல்லியே தீர வேண்டும் என்பார் சிலர். என் நண்பர் ஒருவர் தம் மக்களை எங்கு அழைத்துச் சென்றாலும் அவ்விடத்துத் துயரத்தையெல்லாம் பட்டியலிடுவார். அம்மக்கள் இப்போது அவரோடு எங்கும் போவதில்லை. குழந்தை கேளாத துயரத்தை அதன் தலையில் ஏற்றுவது நம் மனச்சான்றின் சுமையை இறக்கி வைக்க ஒரு சிறு தோளைத் தேடுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தையின் களிப்புக்கு அதற்கே உரிய நேர்மை உண்டு. அதைக் குலைக்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் குழந்தை தானே கேட்டுவிட்டால்?

மாதேரானில் இறங்கியதும் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் தாயார். அம்மலைமேல் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. அந்நாளில் செம்மண் பாதையில் குதிரையில் போகலாம், நடக்கலாம், இல்லையேல் மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவில் போகலாம். மலைச்சரிவில் பல்லக்குத் தூக்கியவரின் தோளை இரயில் விடுவித்தது. உச்சியிலோ மனிதனை மனிதன் இழுப்பது அப்படியே நின்றது. புகையில்லாத ஊர் என்று நாம் மெச்சும் தூய காற்றின் விலை அது. முழங்கால் வலியோடு தாயாரால் அவ்வளவு தொலைவு நடக்க இயலாது. ஒரு ரிக்‌ஷாவைப் பேசி அவரை ஏற்றினேன். ஒருவர் முன்னே இழுத்தார். ஒருவர் பின்னே தள்ளினார். நாங்கள் பக்கத்தில் நடந்தோம்.

ஏற்றம் வந்தது. இழுப்பவரின் கழுத்து நரம்புகள் புடைத்தன. என் மகன் அவரையே பார்த்துக்கொண்டு நடந்தவன் என் கையைப் பிடித்து, "அவருக்கு வலிக்காதாப்பா?" என்று கேட்டான்.

நான் சற்றும் தயங்காமல், "அவருக்குப் பழக்கம்டா" என்றேன்.

வண்டிமேல் இருந்த தாயார் அதைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். இழுப்பவர், "பசா ஆஜி, பசா" என்று மராத்தியில் எவ்வளவோ சொல்லியும் கேளாமல் இறங்கிவிட்டார். இறங்கி, சக்கரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே அந்த ஏற்றம் முடியும் வரை நொண்டி நொண்டி நடந்தார். சமதரை வந்தபின் மறுபடி ஏறிக்கொண்டார். பாட்டி ஏன் இறங்கினார் என்று மகன் கேட்டான். "கால் மரத்திருக்கும்" என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன்.

பொய் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் தந்தையாரும் வண்டி இழுத்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளமையில் மும்பைக்கு வந்து, மசூதி பந்தர் கிடங்குகளில் கைவண்டி இழுத்தார். இங்குள்ளோர் ஹாத்காடி என்பது அதைத்தான். துணி மூட்டைகளை அடுக்கிக் கட்டி, கர்நாக் பாலத்தின் மேல் ஏற்றி அப்பால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்தே பாண்டுப்பில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடும்பத்தை இங்கே குடியமர்த்தினார். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் அவர் வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமும் அணிந்திருப்பார். "தாத்தா கம்பெனியில் வேலை பார்த்தார்" என்றே என் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். கைவண்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. தாயாரும் சொன்னதில்லை, மகனின் மதிப்பு குறைந்துவிடக் கூடாது என்று மருமகள் முன்னும் மறைத்தவர் அவர். ஆனால் அவர் கணவரின் தோளில் இரவுதோறும் எண்ணெய் தேய்த்தவரும் அவரே. பழக்கம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பழக்கம்" என்னும் சொல்லை அதன்பின் பலமுறை புரட்டிப் பார்த்தேன். எவ்வளவு வசதியான சொல்! அடுத்தவர் வலியை நம் கண்முன்னிருந்து அகற்றிவிடும். நம் தந்தையரைப் பற்றி இந்நகரத்தார் சொன்னதும் அதுதான்: மதராசிகளுக்கு வெயில் பழக்கம், சுமை பழக்கம், நெரிசல் பழக்கம். அன்று அது நம் காதில் சுட்டது. இன்று நம் நாவில் தயக்கமின்றி ஏறி அமர்கிறது. வேர்ட்ஸ்வொர்த் தொழிலாளருக்கு அழகைச் சுவைக்கும் பழக்கம் இல்லை என்றார். நான் தொழிலாளருக்கு வலியைத் தாங்கும் பழக்கம் உண்டு என்றேன். இரண்டிலும் மற்றவன் நம்மைப் போன்ற உடலும் கண்ணும் உடையவன் அல்லன் என்னும் எண்ணமே ஒளிந்திருக்கிறது.

அப்படியானால் ரிக்‌ஷாவில் ஏறாமலே இருந்திருக்க வேண்டுமா? இதற்கு நேரான விடை எனக்குக் கிடைக்கவில்லை. ஏறாவிடில் அன்று அவர்கள் வீட்டில் அடுப்பெரியாது. ஏறினால், இழிவு என்று நாம் கருதுவதை நாமே காசு கொடுத்து வளர்க்கிறோம். தனி மனிதர் தம் மனத்தூய்மையால் தீர்க்கக் கூடிய சிக்கலன்று இது. தமிழகத்தில் 1973இல் அரசே கைரிக்‌ஷாவை ஒழித்தது. இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. தொழிலை மட்டும் தடுத்துவிட்டு மாற்று எதுவும் தராதிருந்தால் அதுவும் அறமாகியிராது. மாதேரானில் மின்ரிக்‌ஷா வேண்டும் என்று இழுப்போரின் அமைப்பே நெடுநாள் கோரி வந்தது. 2022இல் சோதனையாக அவை ஓடத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கம் மனித மாண்புக்கு ஒவ்வாதது என்று கூறி, ஆறு திங்களுக்குள் அதை நிறுத்தவும், இழுப்போருக்கு மின்ரிக்‌ஷா வழங்கி மறுவாழ்வு அளிக்கவும் ஆணையிட்டது. அச்செய்தியைப் படித்த அன்று, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்த தாயாரின் உருவமே என் முன் நின்றது. செய்தியைக் கேட்க அவர் இல்லை.

மலை வண்டியின் கதையும் ஒரே சீராக இல்லை. 2005ஆம் ஆண்டுப் பெருமழையில் பாதை அரிக்கப்பட்டு 2007இல்தான் மீண்டும் ஓடியது. 2016இல் பெட்டிகள் தடம்புரண்டதால் நிறுத்தப்பட்டது. 2019 மழை மறுபடி பாதையைச் சிதைக்க, நேரலிலிருந்து மேலேறும் வண்டி 2022 அக்டோபரில்தான் மீண்டும் புறப்பட்டது. மழைக்காலத்தில் நேரல் பாதையை ஆண்டுதோறும் மூடுவதும் வழக்கம். குழந்தைகளை அழைத்துச் செல்ல எண்ணுவோர் இதைக் கேட்டறிந்து செல்வது நன்று. அழைத்துச் செல்லுங்கள் என்றே நான் சொல்வேன். இவ்வளவு எழுதியதைக் கண்டு போகாமல் இருந்துவிட வேண்டா. நேரலில் தொடங்கும் அந்த மலையும் நம் பொதிகையும் ஒரே தொடரைச் சேர்ந்தவை. தபதிக்கரையிலிருந்து குமரிமுனை அருகு வரை 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையே இரண்டும். பாண்டுப்பில் பிறந்து, ஊரை விடுமுறையில் மட்டும் அறிந்த குழந்தைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். என் மகன் கண்கள் விரிய, "அப்போ மலைமேலேயே நடந்து போனா தாத்தா ஊருக்குப் போயிரலாமா?" என்று கேட்டான். அது மாதேரானில் அவன் கேட்ட நல்ல வினாக்களுள் ஒன்று. அதற்கு என்னால் பொய்யின்றி விடை சொல்ல முடிந்தது.

அன்று மாலை நேரலில் இறங்கி, திரும்பும் புறநகர் வண்டியில் நெரிசலிடையே எப்படியோ தாயாருக்கு மட்டும் ஓர் இருக்கை கிடைத்தது. மகள் அவர் மடியில் உறங்கினாள். நானும் மகனும் வாயிலை அடுத்து நின்றோம். பத்லாப்பூர் தாண்டியிருக்கும். தாயார் என்னை நிமிர்ந்து பார்த்து, "அவன்கிட்டச் சொல்லிருடா" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

சொன்னேன். சுவரில் தொங்கும் படத்தில் உள்ள தாத்தா வண்டி இழுத்தார் என்று. எப்படிப்பட்ட வண்டி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு சுமை என்று. மூட்டையின் மேல் மூட்டையாக அவர் எவ்வளவு உயரம் அடுக்குவார் என்பதை என் கையை மேலே தூக்கிக் காட்டினேன். அவன் முகம் வாடுமென்று எதிர்பார்த்து அஞ்சினேன். அவன் முகம் வாடவில்லை. காலையில் ரிக்‌ஷாவை எப்படிப் பார்த்தானோ அப்படியே என்னைப் பார்த்தான். நெடுநேரம் எண்ணிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பாலத்து ஏத்தத்துல, தாத்தாவுக்குப் பின்னாலருந்து தள்ள ஆள் இருந்தாங்களாப்பா?"

இருந்தார்கள் என்றேன். பாலத்தடியில் அதற்கென்றே சிலர் காத்து நிற்பார்கள், சிறு கூலிக்குத் தள்ளிவிடுவார்கள் என்றேன். பிறகு, அந்தக் கூலியை மிச்சம்பிடிக்கத் தாத்தா சில நாள் தனியாகவே ஏற்றியதும் உண்டு என்பதையும் சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டே வந்தான். தாணே வந்துவிட்டது. மகளை நான் தோளில் தூக்கிக்கொண்டேன். அவன் பாட்டியின் கையைப் பிடித்து இறக்கினான்.